எல்லாம் சரியான ஸ்பானிஷ்

நான் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லை. பிரச்சினையே அதுதான். கொஞ்சம் உளறியிருந்தால் தப்பித்திருப்பேன்.

எங்கள் மரக்காணம் பக்கம் ஒருவரை அவர் செய்யும் வேலையைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை ஆகாது. ஒரு படி தூக்கி வைத்துத்தான் கூப்பிட வேண்டும். பத்திர ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் வக்கீல். திண்டிவனத்து மருந்துக்கடையில் இருபது வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கும் என் தாய்மாமன் லூர்து, டாக்டர். அதே ஊர் கிளினிக்கில் கூட்டிப் பெருக்கும் சின்னம்மா ரெஜினா, நர்ஸம்மா. உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற நான், இன்ஜினியர். (மோட்டார் ரிப்பேரானால் மெக்கானிக்குக்கு போன் போடுவதும் என் பொறுப்புதான். சும்மா சொல்லக்கூடாது.)

என் அக்கா ஸ்டெல்லா கன்னியாஸ்திரி. ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருஷமாக வேலை. ஒரு மழை நாளில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். நானும் மாமாவும் சின்னம்மாவும் விடிந்தால் வேலைக்கு ஓடிவிடுவோம். அம்மா பகலெல்லாம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிடந்தார். பாண்டிச்சேரி மடத்துக்கு மாற்றல் கேட்டு அக்கா எழுதிப் போட்டாள். வீட்டை நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று அவள் மடத்துத் தலைவி அக்காவையும் அழைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அந்த மதருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு எதுவும் தெரியாது.

கிளம்பும் முன் அக்கா போன் செய்தாள். “நான் மொழிபெயர்த்தா எனக்கு சாதகமா பேசற மாதிரி இருக்கும்டா. நீதான் ஆறு மாசமா ஸ்பானிஷ் கத்துக்கறேன்னு பீத்திக்கிறியே, நீயே பேசு.”

ஆறு மாதம் என்பது உண்மைதான். மோட்டார் ஓடும் நேரமெல்லாம் செல்போனும் நானுமாக உட்கார்ந்து கற்றது. தொழில் பெயர்களில்தான் ஸ்பானிஷ் ஆளைக் கவிழ்க்கும். ‘என்ஃபெர்மேரா’ என்றால் நர்ஸ், ‘என்ஃபெர்மா’ என்றால் நோயாளி. ‘கார்த்தேரோ’ தபால்காரர், ‘கார்த்தெரிஸ்தா’ பிக்பாக்கெட். ‘பொம்பா’ என்றால் பம்ப், அதனால் ‘பொம்பேரோ’ நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பார்த்தால் தீயணைப்பு வீரராம். ஒன்றும் மாறிவிடக் கூடாது என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதி, வியர்வையில் அழிய அழிய மறுபடி எழுதினேன்.

மதர் வந்தார். எழுபது வயதிருக்கும், நெடுநெடுவென்ற உருவம். அக்கா காபி போட உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து நின்று அறிமுகத்தை ஆரம்பித்தேன். மாமாவைக் காட்டி ‘மெதிகோ’ என்றேன். டாக்டர். சின்னம்மாவைக் காட்டி, மிகுந்த கவனத்துடன், ‘என்ஃபெர்மேரா’ என்றேன். என் நெஞ்சில் கை வைத்து ‘இன்ஹெனியேரோ’ என்றேன். மூன்றும் அட்சர சுத்தமாக விழுந்தன. மெடிக்கல் மாதிரி ஏதோ காதில் பட்டதும் மாமா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மதர் முகம் மலர்ந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். நீளமாக என்னவோ பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் ‘சி, சி’ என்று தலையாட்டினேன். (ஆமாம், ஆமாம்!) காபித் தட்டோடு வந்த அக்காவிடம் அதையே அவர் திரும்பச் சொன்னார். அக்கா டம்ளர்களை எல்லோர் கையிலும் திணித்தாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். “மதர் என்ன சொல்றாங்க தெரியுமா? வீட்டுக்குள்ளயே டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க, சம்பாதிக்கற இன்ஜினியர் புள்ள இருக்கான். அம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல, நான் திரும்பிப் போயிடலாமாம்.”

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மாமா முன்னாலேயே எப்படிச் சொல்வது? கோயில் திருவிழா நோட்டீஸில்கூட ‘டாக்டர் லூர்து’ என்று போட்டுக்கொள்கிறவர் அவர். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வாக்கரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாமா அதைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏம்பா, நான் டாக்டர் இல்லன்னு சொல்லு. சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் குடுக்கறவன். கையெழுத்து புரியலன்னா பக்கத்து ஆளைக் கேட்டுக்குவேன். அதையும் சேர்த்தே சொல்லு.”

“நான் கிளினிக்ல பெருக்கறேன்னு சொல்லிடு” என்றார் சின்னம்மா.

அந்த நிமிஷம் அவர்கள் இருவர் மேலும் எனக்கு வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை. ஆனால் அந்த வேலைகளுக்கான வார்த்தைகள் என் உள்ளங்கையில் இல்லை. யார் இதையெல்லாம் எழுதிவைப்பார்கள்? மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் காட்டினேன். குனிந்து கூடம் முழுக்கப் பெருக்கிக் காட்டினேன். கடைசியில் சுவரில் ஒரு பட்டனை அமுக்கி, ஓரமாக உட்கார்ந்து, போன் பார்த்துக் காட்டினேன். அதுதான் நான்.

பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று மதர் கேட்டார். ‘ரெஸ்பேத்தோ’ என்றேன். மரியாதை. அப்படியானால் என்னைப் பற்றித் தெருவில் என்ன சொல்லிவைத்திருக்கிறாய் என்றார். மாட்டிக்கொண்டேன். போப்பாண்டவருக்கு அடுத்த ஆள் என்று சொல்லியிருந்ததை ஒப்புக்கொண்டேன். மதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்வரை விடவில்லை.

அக்காவுக்கு இரண்டு மாதத்தில் பாண்டிச்சேரிக்கு மாற்றல் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பீத்திக்கொண்டாலும், “எங்க, ஸ்பானிஷ்ல சொல்லு” என்று யாராவது வாயை அடைத்துவிடுவார்கள்.

எனக்கு ஒரு டீச்சரைப் பெண் பார்க்கப் பொம்மையார்பாளையத்துக்குப் போனபோது, மாமா பழக்க தோஷத்தில் “மாப்பிள்ளை இன்ஜி…” என்று ஆரம்பித்தார்.

“ஸ்பானிஷ்ல சொல்லுங்க மாமா” என்றாள் அக்கா.

மாமா காலரிலிருந்து கையை எடுத்தார். “உப்பளத்துல மோட்டார் போடறாருங்க. நான் மருந்துக்கடையில இருக்கேன்.”

பெண்ணின் அப்பா நாற்காலியை மாமா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்க பொண்ணும் டீச்சர் இல்லைங்க” என்றார். “அங்கன்வாடியில சமைக்கறா.”

அவள்தான் இன்று என் மனைவி. எங்களுக்குள் பட்டம் கிடையாது. குழாய் ஒழுகும்போது மட்டும், “இன்ஜினியர் சார், கொஞ்சம் வர்றீங்களா?” என்று கூப்பிடுவாள். நானும் மிடுக்காக எழுந்து போய், பிளம்பருக்கு போன் போடுவேன்.