காருக்கு எழுதிய மருந்துச் சீட்டு

எட்டு வருடமாக இந்தக் கதையை நான் நம்பவில்லை. எட்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அதற்குக் கீழ்ப்படிந்தும் வருகிறேன். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஊரார் சொல்லும் காரணங்களைச் சந்தேகிக்கச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்து பார்த்தேன். பலிக்கவில்லை.

ஒரு சபதத்தில் ஆரம்பித்தது. இனி என் கார்மீது எந்த மெக்கானிக்கின் கையும் படக்கூடாது! புத்தகம் ஒன்று வாங்கினேன். ஒரு சனிக்கிழமை முழுக்க எஞ்சினைத் துடைத்தேன். இடைஞ்சலாக இருந்த இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்களைக் கழற்றினேன், துடைத்தேன், திரும்ப மாட்டினேன். எஞ்சின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

மறுநாள் வழக்கம்போல் ஓய்வு. என் மனைவி பல வருடமாகக் கேட்பாள், "ஒரு ஞாயித்துக்கிழமையாவது வெளிய கூட்டிட்டுப் போங்களேன்." நானும் பல வருடமாகச் சொல்வேன், "வண்டிக்கும் ஓய்வு வேண்டாமா?" உண்மையில் ஓய்வு எனக்கு. ஞாயிறு மதியத் தூக்கத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் உயிர் வாழ்ந்தேன்.

திங்கட்கிழமை கார் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. வேகமாகப் போனால் சமர்த்து. நிறுத்தினால் குலுங்கும், இருமும், உயிரை விடும். பின்னால் நின்றவர்கள் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார்கள். பிளக்கை மாற்றினேன். வடிகட்டியை மாற்றினேன். வெள்ளிக்கிழமைக்குள் நான் மாற்றாதது ஸ்டியரிங்கும் மனைவியும்தான்.

சனிக்கிழமை காலை அவள் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்தாள். அறுவை அரங்கில் நர்ஸ். கையில் என் புத்தகம், படித்த பக்கத்தில் ஒரு விரல்.

"ஏங்க, எதையாவது கழட்டினீங்களா?"

"நானா? தூசி தட்டினேன்."

"தூசி மட்டும்தானே?"

"தூசி மட்டும்தான்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் ஜுரத்தில் நடுங்கியது. அவள் ஒரு சிறிய உருண்டைப் பாகத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இது எஞ்சின் விட்ட புகையில கொஞ்சத்தை மறுபடி அதுக்கே ஊட்டுற வால்வு. இந்தக் குழாய் காத்தை இழுத்தா இது திறக்கும். ஓடும்போது திறக்கணும். சும்மா நிக்கும்போது திறந்தா மூச்சு முட்டும்."

"தான் விட்ட புகையைத் தானே முழுங்கணுமா? பாவம்!"

"நீங்க விட்ட வார்த்தையை நீங்க முழுங்கறதில்லையா? பழகிடும்."

கைப்பையிலிருந்து ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்றை எடுத்தாள். வால்விலிருந்து குழாயை உருவி, அதன் நுனியை விரலால் அடைத்தாள். எஞ்சின் தாலாட்டுக் கேட்ட குழந்தைபோல் அடங்கியது. வால்வில் சிரிஞ்சைப் பொருத்திக் காற்றை மெல்ல இழுத்தாள். எஞ்சின் திணறி நின்றது.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

மறுபடி இழுத்தாள். மறுபடி நின்றது. நான் ஐந்து நாள் அடித்துப் பிடித்துக் கேட்ட கேள்விக்கு, அவள் இரண்டு விரலால் பதில் வாங்கிக்கொண்டிருந்தாள். வாயைப் பிளந்து நின்றேன்.

"புரிஞ்சிடுச்சு. மேல போய் ஒரு பழைய துணி எடுத்துட்டு வாங்க."

மூன்று மாடி ஏறி, மூன்று மாடி இறங்கி வந்தேன். எஞ்சின் பூனைபோல் உறுமிக்கொண்டிருந்தது.

"துணி?"

"வேண்டாம். கை சுத்தமாத்தான் இருக்கு."

"என்ன கோளாறு?"

"கரி. வால்வு, பாதை எல்லாம் கரி அடைச்சிருக்கு. இழுத்ததுல கொஞ்சம் அசைஞ்சிருக்கு. ஆனா மறுபடி படியும். கிட்டக்கவே, மெதுவாவே ஓட்டுற வண்டிக்கு வர்ற வியாதி. வாரம் ஒரு தடவை எண்பதுல ஒரு மணி நேரம் ஓட்டணும்."

"வாரா வாரமா? என்னைக்கு?"

"உங்களுக்கு லீவு என்னைக்கு?"

எண்பதில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அவளுடைய அக்கா வீட்டு வாசல் வருகிறது. தற்செயல் என்றாள்.

கரியைக் கண்டுபிடித்தவளின் கை எப்படி வெள்ளையாக இருந்தது? என் சந்தேகம் அங்கே முளைத்தது. ஆனால் எப்படிக் கேட்பது? கேட்டால் என் குட்டு உடையும். கேட்காவிட்டால் என் மண்டை உடையும். நான் உண்மையைத் தேடிக்கொண்டிருந்தேனா, தோல்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேனா? எட்டு வருடமாக அதுவும் விளங்கவில்லை.

போன வாரம் அலுவலக வேலையாக ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே மெக்கானிக் வேறொரு காரில் அதே சோதனையைச் செய்துகொண்டிருந்தார்.

"இழுத்தா எஞ்சின் நின்னுடுது பாருங்க சார். பாதை சுத்தமா இருக்குன்னு அர்த்தம். கரி அடைச்சிருந்தா அதுக்கு உறைக்கவே உறைக்காது."

எனக்கு உறைத்தது. "பாதை சுத்தமா இருந்தும் சிக்னல்ல மட்டும் நின்னா?"

"ஓடும்போது மட்டும் இழுக்குற குழாய் ஒண்ணு, நிக்கும்போதும் இழுக்குற குழாய் ஒண்ணு. ரெண்டையும் மாத்தி மாட்டியிருப்பான், ஏதாவது புத்தகம் படிச்ச புத்திசாலி."

நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு வழி?

நேற்று ஞாயிறு. எண்பதில் போய்க்கொண்டிருந்தோம். எட்டு வருடமாக விழுங்கிய புகையை வெளியே விட்டேன்.

"அன்னைக்கு நான் தூசி மட்டும் தட்டல. ரெண்டு குழாயைக் கழட்டினேன்."

"தெரியும்."

"மாத்தி மாட்டிட்டேன்."

"தெரியுமே. நீங்க ரெண்டாவது மாடி ஏறும்போதே சரி பண்ணிட்டேன்."

"அப்போ கரி?"

"எங்க இருக்கு கரி? அதான் வாரா வாரம் ஓட்டுறோமே!"

சாட்சி கையில். வாக்குமூலம் காதில். இப்படி ஒரு வழக்கு என் அலுவலகத்துக்கு வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்த்திருப்பேன். நெஞ்சை நிமிர்த்தினேன். தொண்டையைச் செருமினேன். கேட்டேவிட்டேன்:

"அப்போ, அடுத்த ஞாயித்துக்கிழமை மட்டும் நான் வீட்டுல கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"