ஒழுகாத வால்வு

காற்றழுத்த வால்வு காலையிலிருந்து மூன்றாவது முறையாக ஒழுகியது.

விரலளவு சிப் ஒன்றில் முடி கனத்துக்கு ஒரு கால்வாய். காற்றை ஊதினால் ரப்பர் சவ்வு அமுங்கி அதை அடைக்க வேண்டும். மூத்த பொறியாளர் எட்டு வருடமாகச் சீராட்டி வளர்த்த வால்வு அது. எதிர் மேசையில், மூன்று மாதம் முன்பு சேர்ந்த பெண்ணின் திருகு வால்வு. கையால் திருகினால் மூடும், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு இயக்குநர் இரண்டையும் ஒப்பிட்டு, ஒழுகாததை ரத்தப் பரிசோதனைக் கருவிக்கு எடுத்துக்கொள்வார். மற்றது அலமாரிக்குப் போகும்.

அவளோ கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

"உதவி வேணுமா சார்?"

"உன் வேலையைப் பாரும்மா. இதுல பம்பு, குழாய், கம்ப்யூட்டர்னு எவ்வளவோ இருக்கு. உன் திருகாணி மாதிரி இல்ல."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

நக்கலைப் பார், என்று அழுத்தத்தைக் கூட்டினார். ஒழுகல் நின்றது. ஆனால் சவ்வு அடியில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. காற்றை உறிஞ்சி இழுத்தார். சவ்வு விட்டது, கால்வாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்தது. குமிழியை விரட்ட வேகமாகத் தண்ணீர் விட்டார். குழாய் பிடுங்கிக்கொண்டு, சிவப்புச் சாயத் தண்ணீர் சட்டை முழுக்கத் தெறித்தது.

"இருங்க சார், துணி எடுத்துட்டு வரேன்" என்று அவள் எழுந்து போனாள்.

என்ன நடிப்பு! அவர் பல்லைக் கடித்தார். குடுவை கழுவும் அம்மாள் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். பொறியாளர் பூனை போல் எதிர் மேசைக்குப் போய், திருகை ஒரு முழுச் சுற்று இறுக்கினார். கால்வாய் நசுங்கி நாசமாகட்டும்.

பன்னிரண்டுக்கு இயக்குநர் வந்தார். காற்றழுத்த வால்வு சொட்டியது. திருகு வால்வு ஒரு துளிகூட விடவில்லை. அவள் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

"இதுவே கருவிக்குப் போகட்டும்" என்று இயக்குநர் கைகழுவப் போனார். அவள் இயக்குநரின் அறையை நோக்கி ஓட்டமாக ஓடினாள்.

"வந்த வாழ்வு, தலைகால் புரியல" என்றார் பொறியாளர், எரிச்சலோடு.

அம்மாள் குடுவையைக் கவிழ்த்து வைத்தாள். "அது இல்ல சார். 'என்னோடது ஒழுகுது, இதுக்கு மேல திருகப் பயமா இருக்கு, சாரோட வால்வையே எடுத்துக்குங்க'ன்னு காலையிலயே அந்தப் பொண்ணு எழுதி டைரக்டர் மேசையில வச்சிருந்துச்சு. அவர் படிக்கிறதுக்குள்ள எடுக்கத்தான் அந்த ஓட்டம்."