போஸ்ட்மார்ட்டம் அண்ணாச்சி சேர்த்த ஒரு வரி

தென்காசி வட்டாரத்திலேயே அதிகமாகத் துக்கம் விசாரித்தவர் எங்கள் போஸ்ட்மார்ட்டம் அண்ணாச்சிதான். அத்தனையும் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு. ஒரு புரோகிராம் பாதியில் நின்றால் போதும், எங்கள் சின்ன அலுவலகத்தை இழவு வீடாக்கிவிடுவார். சிரிக்கக்கூடாது, டீ கிடையாது. முக்கியமாக, அதைத் திரும்ப ஓடவிடக் கூடாது.

“எவனும் தொடாதீங்கலே. தடயம் போயிரும்” என்பார். பிறகு ஒவ்வொருவரிடமும் குரலைத் தாழ்த்தி, கடைசியாக அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பார்.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனை மெஷினிலிருந்து முடிவுகளை வாங்கித் தரும் ஜாவா புரோகிராம் எங்களுடையது. மெஷினோடு பேச மட்டும் உள்ளே சி மொழியில் ஒரு துண்டு. ஜாவா செத்தால் காரணத்தைப் புலம்பிவிட்டுச் சாகும். சி அப்படியில்லை, ஜாவாவையும் இழுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடும்.

ஒரு வருஷம் குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் எங்கள் புரோகிராம் தினமும் செத்தது. ஈரக்காற்று, கரண்ட் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதலாளி அலுவலகத்தை மூடுவது பற்றியே பேச ஆரம்பித்தார்.

நான் புரோகிராம் செத்த வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“செத்த எடத்துல என்னத்தலே தேடுதே? கொன்னவன் எப்பமோ போயிருப்பான்” என்றார் அண்ணாச்சி.

அவருக்கு உறைத்தது கூட்டம்தான். அருவியில் குளித்துவிட்டுக் காய்ச்சலோடு வருகிறவர்களால் லேப் நிரம்பும்போதுதான் புரோகிராம் செத்தது. வேலை கூடினால் ஜாவா, கம்ப்யூட்டர் நினைவகத்தில் யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் பொருட்களைக் குப்பையென்று அள்ளி இடம் பண்ணும். அண்ணாச்சி வேண்டுமென்றே அதை அடிக்கடி அள்ளவைத்தார். உடனே செத்தது. சி இன்னும் கையில் பிடித்திருந்த ஒரு பொருளை, யாருக்கும் வேண்டாம் என்று நினைத்து ஜாவா அள்ளியிருக்கிறது. ‘இது இன்னும் வேண்டும், அள்ளாதே’ என்று ஜாவாவிடம் சொல்லிவைக்க ஒரு வரி உண்டு. அது விட்டுப்போயிருந்தது. அண்ணாச்சி சேர்த்தார். அலுவலகம் பிழைத்தது. அவர் மட்டும் இழவு வீட்டு முகத்தை மாற்றவேயில்லை.

போன ஐப்பசி மழையில், டீக்கடைக்குப் போகும் வழியில், நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார். டாக்டர் மாரடைப்பு என்றார். அது செத்த இடம்தானே. அதற்கு முந்தி என்ன நடந்தது என்று கேட்டுச் சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கைப்பிடி உடைந்த அவருடைய நாற்காலியைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்காகப் போன வாரம் முதலாளி வாசலில் தூக்கி வைத்தார். அதில்தான் யாருமே உட்காருவதில்லையே என்றார். நான் அதை உள்ளே கொண்டுவந்து, பழைய இடத்திலேயே போட்டேன்.

“இது இன்னும் வேணும் மொதலாளி. அள்ளிராதீங்க.”