பன்பாய்க்கு வந்த பார்கோட்

பாய்க்குப் பன்புல் வெட்டிக் காயவைத்தவள் வதனி. பாய் இழைத்தவள் வதனி. பன்னிரண்டு பாயையும் படம்பிடித்து இணையக் கடைக்கு அனுப்பியவளும் வதனிதான். ஆனால், புதன் காலையில் பன்னிரண்டுக்கும் பக்கத்தில் 'பார்கோட் இல்லை, ஏற்க முடியாது' என்று சிவப்பெழுத்து விழுந்ததும், "எங்கட கடைக்கு வந்த சோதனை!" என்று நாவற்குடா ஊரே கேட்க எழும்பியவர் அவள் புருஷன் சிவதர்ஷன். பன் வெட்டச் சேற்றில் இறங்கும்போது இந்த 'எங்கட' எங்கே போயிருந்தது?

"வெள்ளிக்கு முன்னம் ஏத்தாட்டித் தீபாவளி விற்பனையில இடமில்லையாம்," என்றாள் வதனி.

"பயப்படாத புள்ள. அரை மணித்தியாலம். நான் சரிப்படுத்தாட்டி ஒரு மாசம் குசினி என்ட பொறுப்பு!"

"கறியும் சேத்தா?"

"சோறு, கறி, சட்டி கழுவுறது, எல்லாம்!"

"அத சாட்சிக்கு என்ட அக்காட போனுக்கும் ஒருக்காச் சொல்லி அனுப்புங்க."

அனுப்பினார். குரல்பதிவாக. கம்பீரமாக.

பிறகு குசினிக்குள் புகுந்து பால்மா, சவர்க்காரம், கொசு விரட்டக் கொளுத்தும் நுளம்புத்திரி என்று கோடு போட்ட பெட்டி எல்லாம் அள்ளி வந்தார். அவற்றின் பார்கோட் நம்பரைப் பாய்க்கு ஒன்று வீதம் அடித்தார். சிவப்பெல்லாம் பச்சையானது.

"பாத்தியா மூளைய?"

"ஓம், ஓம்," என்றாள் வதனி, தேங்காய் துருவியபடி.

மத்தியானம் முதல் வாடிக்கையாளர் கேட்டார்: 'இந்தப் பாய் எத்தனை மணித்தியாலம் எரியும்?' அடுத்தவர்: 'ஒரு கோப்பைக்கு எத்தனை கரண்டி?' மூன்றாவது கடிதம் இணையக் கடைக்காரரிடமிருந்தே வந்தது. இவை வேறு கம்பனிகளின் நம்பர்கள். திருத்தாவிட்டால் பக்கம் மூடப்படும்.

சிவதர்ஷன் குசினி வாசலுக்கு வந்தார். "புள்ள... உன்ட பாய்..."

"இப்ப என்ட பாயா?"

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். நம்பர்களை அழித்தாள். அடியில் ஒரு சின்னக் கட்டம்: 'கையால் செய்தது, பார்கோட் கிடையாது.' சரி போட்டாள். செய்தவர் பெயர் கேட்ட இடத்தில் 'வதனி' என்று அடித்தாள். பன்னிரண்டும் பச்சை. பின்னேரமே கொழும்பிலிருந்து எட்டுப் பாய்க்கு ஓடர். இன்னும் இருபது இழைக்க ஏலுமா என்று கேள்வி வேறு.

"ஏலும்," என்று பதில் போட்டாள்.

"அந்தக் கட்டம் உனக்கு எப்ப தெரியும்?" என்றார் அவர் மெல்ல.

"காலம்பறவே. சிவப்பெழுத்துக்குக் கீழதானே கிடந்தது."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"வெள்ளிக்கு ரெண்டு நாள் கிடந்தது. குசினிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தன். நீங்களே கேட்டு வந்தீங்க."