மூன்று ஓலை கண்ட செய்தி

அது எழுபத்தொன்றா, எழுபத்திரண்டா என்று எனக்கு நிச்சயமில்லை. நடந்தவற்றின் வரிசையும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் உலகத்து வாரப் பத்திரிகைகளில் ஒழுக்கத்தில் முதலிடம் தருமபுரியில் வெளியான ‘நெறிமுரசு’க்குத்தான் என்பதில் சந்தேகமே இல்லை. அதன் அலுவலகத்தில் ஓசியில் படித்துக்கொண்டு, வாய் திறக்காமல் பல காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஆசிரியர் இன்னாசி முன்பு மாதா கோயிலில் உபதேசியாராக இருந்தவர். அங்கே கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை அறிவித்து ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். இந்தப் புனித ஏற்பாட்டை அவர் செய்திகளுக்கும் கொண்டுவந்தார். எந்தச் செய்தியும் மூன்று சனிக்கிழமை அலுவலகத்தில் வாசிக்கப்படும். யாரும் தடை சொல்லாவிட்டால் அச்சேறும். தடையை விசாரிக்க ‘பத்திரிகை ஒழுக்கக் குழு’. தலைவர், இண்டூர்ப் பக்கம் கல் குவாரி வைத்திருந்த பச்சியப்பன். ஊரிலேயே அதிகப் புகாருக்கு ஆளானவர் என்பதால் அவரைவிட அனுபவசாலி கிடைக்கவில்லை.

ஒருநாள் ரோசம்மா வந்தாள். அந்தக் குவாரியில் வெடித்துச் சிதறிய கல் தலையில் விழுந்து அவள் புருஷன் சவரி செத்திருந்தான்.

“வெடி வெக்கறதுக்கு முன்னாடி செவப்புத் துணிய ஆட்டிக் கத்தறதுக்கு ஒராள் இருந்தானுங்க. அவன மொதலாளி வூட்டுல மாடு மேய்க்கக் கூட்டிக்கிட்டாருங்க. எம் பெரிய பையன் அல்போன்சு இன்னும் அங்கதாங்க வேல செய்யறான். அச்சுல வந்தா மறுபடி ஆள் போடுவாங்க, உபதேசியாரே.”

“வரும்மா. ஆனா ஓலை வாசிக்கணும்ல?”

முதல் வாசிப்பில் பச்சியப்பன் எழுந்தார். “‘செத்தான்’னா போட்டிருக்கீங்க? நாலு பேர் படிக்கற பத்திரிகைங்க. ‘மறைந்தார்’னு போடுங்க.” செத்தவனுக்கு மரியாதை கூடியது. திருத்திய செய்தி புதுச் செய்தி. ஆகவே ஓலை மறுபடி முதலிலிருந்து.

அடுத்த தடை குவாரியின் பெயருக்கு. “குவாரி எங்கப்பாரு பேர்லீங்க. காலமானவர இழுக்கறது நாயமுங்களா?” அது ‘ஓர் இடம்’ ஆயிற்று. ஓலை முதலிலிருந்து.

பிறகு துணி. “செவப்பு கட்சிக் கலருங்க. நடுநிலை வேணாமா?”

“வெள்ளைத் துணின்னு போட்டுக்கலாமா?” என்றார் இன்னாசி.

“வெள்ளத் துணி தோத்தவன் காட்டறதுங்க. என் குவாரி யாருகிட்டத் தோத்துச்சு?”

துணியே நீக்கப்பட்டது. வாசலில் நின்ற ரோசம்மா கேட்டாள்: “ஏனுங்க, வெடி மட்டும் நெதம் வெக்கறீங்களே, அதுக்கு ஓலை வாசிக்கறதில்லீங்களா?”

கேள்வி ‘செய்திக்குப் புறம்பானது’ என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

கடைசியில் செய்தி பண்பட்டு வந்தது: ‘ஓர் இடத்தில் ஒருவர் மறைந்தார்.’ மூன்றாம் வாசிப்பும் முடிந்தது. “தடை உண்டா?” என்று இன்னாசி கேட்டார். பச்சியப்பன் பெருந்தன்மையாக இல்லை என்றார்.

“எனக்கு இருக்குதுங்க” என்றாள் ரோசம்மா. அவள் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. “ஒருத்தரில்லீங்க. ரெண்டு பேரு.”

அல்போன்சை அன்று காலையில்தான் கல்லுக்கடியிலிருந்து எடுத்திருந்தார்கள்.

பச்சியப்பன் ஓலையை வாங்கி ஒருமுறை பார்த்தார். “எண்ணிக்கை மாறுதுங்களே, உபதேசியாரே. மொதல்லருந்து வாசிக்கறதுதான் மொறை.”

பத்திரிகை இன்னும் சில ஆண்டுகள் யார் மனமும் புண்படாமல் வந்தது. நெருக்கடி காலத்துத் தணிக்கையில் அதில் வெட்டுவதற்கு ஒரு சொல்கூட அகப்படவில்லை. இன்னாசி கூட்டங்களில் பத்திரிகை தர்மம் பற்றிப் பேசி, முதுமையில் படுக்கையில் இறந்தார். பச்சியப்பன் பென்னாகரம் பக்கம் இன்னொரு குவாரி எடுத்தார். ரோசம்மா இண்டூர்க் குவாரிப் பாதையில் நின்று, ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அங்கே யாரும் சாகவில்லை.