நான் டெங்குவை ஒழித்த கதை

கணினியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாம் கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். இதை எனக்குப் புரியவைக்க ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தில் எனக்கு இறுதி வருடம். பூனாகலையில் சித்தியின் மகள் டெங்குவில் விழுந்து, பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பாதி உடம்பாகத் திரும்பியிருந்தாள். அவளைப் பார்த்ததும் சபதம் செய்தேன்: டெங்குவுக்குத் தடுப்பூசி செய்வேன். (ஆய்வுக்கூட எலியைக் கண்டாலே எனக்குப் பயம். ஆகவே கணினியில் செய்வதென்று முடிவு.)

விஷயம் எளிது. வைரஸின் புரதத்தை நீளமான எழுத்துச் சங்கிலியாக எழுதலாம். அதில் எந்தச் சிறு துண்டைக் காட்டினால் உடம்பு விழித்துக்கொண்டு சண்டைக்கு வரும் என்று கணிக்கும் இணையத்தளங்கள் அப்போதே இருந்தன. சங்கிலியைப் பெட்டிக்குள் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பெண் வரும். தடுப்பூசிக்கான பெப்டைடை, அதாவது அந்தச் சிறு புரதத் துண்டை, முதலில் அப்படித்தான் தெரிவு செய்வார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் பல வருடப் பாடு. அந்தப் ‘பிறகு’ என் காதில் ஏறவில்லை.

பண்டாரவளையில் ஒரு நெட் கஃபே. மழை பெய்தால் இணைப்பு போய்விடும். (அங்கே மழை எப்போது பெய்யாமல் இருந்தது?) டெங்குவின் சங்கிலியை ஒட்டினேன். இணைப்பு அறுந்தது. பக்கம் திரும்பி வந்தபோது பெட்டிக்குள் எழுத்துகள் இருந்தன. எழுத்து எழுத்துத்தானே? அழுத்தினேன். முதல் துண்டுக்கு அபாரமான மதிப்பெண்!

அன்றிலிருந்து என் விரிவுரையாளர் “நாங்கள் கண்டுபிடித்தது” என்று சொல்லத் தொடங்கினார். பதுளையில் ஒரு கருத்தரங்கில் பேச இடமும் வாங்கித் தந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்த அப்பா சும்மா இருப்பாரா? “எங்க பாப்பா டெங்குக்கு ஊசி கண்டுபுடிச்சிருச்சு!” என்று தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகச் சொல்லி, ஒரு வேன் நிறையச் சொந்தங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பட்டுச்சேலையில் மேடையேறினேன். “இந்த எட்டு எழுத்துகள்தான் டெங்குவின் மரண ஓலை” என்று கையை நீட்டித் திரையைக் காட்டினேன். (இந்த வசனத்தைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன்.)

முன்வரிசையில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

“பிள்ளை, அந்தத் துண்டை ஒருக்காத் திருப்பிக் காட்டும்.”

வியந்துபோய்விட்டார் என்று நினைத்துப் பெரிதாக்கிக் காட்டினேன்.

“இது டெங்கு இல்லைப் பிள்ளை. கோழிமுட்டை வெள்ளைக்கருவில இருக்கிற புரதம். எங்கட துறையில எல்லாருக்கும் இது பாடம். அந்தத் தளத்தில உதாரணத்துக்குப் போட்டிருக்கிறதும் இதுதான்.”

பக்கம் திரும்பி வந்தபோது பெட்டிக்குள் இருந்தது அந்த உதாரணம்! அதற்குத்தான் நான் மாதக்கணக்கில் வண்ண வண்ணமாக வரைபடம் போட்டிருந்தேன். உதவிக்கு விரிவுரையாளரைப் பார்த்தேன். அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தவரிடம், “அவ தனியாச் செஞ்சது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து சித்தியின் குரல் வந்தது. அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

“அப்ப நம்ம பாப்பா இவ்வளவு நாளா முட்டைக்கா ஊசி போடப் பாத்துச்சு?”

மண்டபம் அதிர்ந்தது. சிரிக்காமலிருக்கப் போராடி டாக்டரும் தோற்றார். கூட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்து அப்பா மட்டும் பலமாகக் கைதட்டினார்.

திரும்பும் வழியில் வேனுக்குள் அப்பா கேட்டார்.

“முட்டைக்காவது சரியா வந்துச்சா பாப்பா?”

“வந்துச்சுப்பா. நல்ல மார்க்கு.”

“அப்பச் சரி.”

பிறகு உண்மையான டெங்குவை ஒட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். சுமாரான மதிப்பெண்கள் வந்தன. நானும் சுமாராகப் பாஸானேன். டெங்கு இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறது.

சில வருடங்கள் கழித்து, என் மகளைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு கிளினிக் போனேன். துணைக்குச் சித்தி. சில தடுப்பூசிகளை முட்டையில் வளர்த்துத் தயாரிப்பதால், ஊசியைக் கையிலெடுத்த நர்ஸ் மிஸ் வழக்கம்போலக் கேட்டார், “பிள்ளைக்கு முட்டை ஒத்துக்குமா?”

நான் வாய் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

“பிள்ளைக்கு ஒத்துக்கும் மிஸ். அதோட அம்மாவுக்குத்தான் ஒத்துக்காது.”