பதினோராவது நிமிடத்தில் நிற்கும் பாட்டு

இயேசு மரி சூசை துணை

டிக்கோயா,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள தம்பி டினேஷுக்கு,

டோஹாவின் வெயிலிலும் உன் காவல் தூதர் உன் பக்கத்தை விட்டு நகராமல் நிற்பார் என்ற நம்பிக்கையோடு அக்கா ஐவி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சானும் மகள் அனுஷ்காவும் ஆண்டவர் இரக்கத்தால் சுகமாக இருக்கிறோம். வீட்டில் சுகமில்லாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அது நீ ஈஸ்டருக்கு அனுப்பிய லெப்டொப். இதைப் போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நான் பேசி அனுப்புவதையெல்லாம் கேட்டுவிட்டு நீ வாட்ஸப்பில் இரண்டு நீலக் கோட்டை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதோடு என் போனை அனுஷ்காவும் பார்ப்பாள். ஆகவே கடைக்காரர் பைஸர் நானாவின் மகன் நிப்ராஸ் திங்கட்கிழமை அங்கே திரும்பி வரும்போது கையோடு கொடுக்கச் சொல்லி இந்தக் கடிதம். ஒரு பார்சலும் வரும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் இதுதான். அனுஷ்கா விசேஷ வீடுகளுக்குப் பாட்டுப் போடும் டீஜே வேலை தொடங்கியது உனக்குத் தெரியும், அதற்காகத்தான் நீ லெப்டொப் அனுப்பினாய், அந்த நன்றியை நான் மறக்கவில்லை, மறக்காமல்தான் குறையைச் சொல்கிறேன். மூன்று கிழமைக்கு முன்னால் இங்கே ஒரு பிள்ளை கோயிலில் முதல்முதலாக நன்மை எடுத்த புதுநன்மை விருந்துக்குப் போனோம். இருபத்திரண்டு நிமிடம் பாட்டு பிரமாதமாகப் போனது. பிறகு கர்ர் என்று ஒரு சத்தம், பாட்டு நின்றது, ஒரு விநாடி கழித்து வந்தது, மறுபடியும் கர்ர். மஸ்கெலியா பஸ் வளைவில் கியர் மாற்றுகிற மாதிரி ஒரே இழுப்பு. பக்கத்துக் காம்பரா வீட்டு ஆண்டியப்பன் அண்ணன் ஒற்றைக் காலைத் தூக்கிய நேரத்தில் நின்றது. தூக்கிய கால் தூக்கியபடியே இருக்க, அவர் அனுஷ்காவைப் பார்த்து, "புள்ள, நா ஆடவா, ஒக்காரவா, ரெண்டுல ஒன்னு சொல்லிரு" என்றார். மண்டபமே சிரித்தது. என் பிள்ளை மட்டும் குனிந்து வயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் மச்சான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "ஐவி, அடுத்தது மஸ்கெலியா கல்யாணம். அங்கயும் இப்புடி நின்னா எல்லாத்தையும் வித்துட்டு புள்ளய கொழும்புக்குத் துணிக்கட வேலைக்கு அனுப்பிருவோம். ஊரு சிரிக்கிறதுக்கு நம்ம ஸ்பீக்கர் பொட்டி தூக்க வேணாம்" என்றார். அவர் சத்தம் போட்டால் பயமில்லை, அன்றைக்குச் சத்தம் போடாமல் சொன்னார். அனுஷ்கா வயர்களைத் துடைத்துச் சுற்றி வைத்தாள். அந்த மஸ்கெலியா கல்யாணம்தான் நாளைக்கு, ஜீவராணி டீச்சரின் மகள் கிருஷாந்திக்கு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதற்காக ஒரு மெஷின் என் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்ப விடுவேனா? அன்றைக்கே நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், ஓடிய பாட்டு, அன்றைக்குச் செய்த மாற்றம் என்று ஐந்து கட்டம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும் என்று அனுஷ்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். குழம்பில் உப்பையும் புளியையும் ஒரே நாளில் கூட்டினால் எதனால் கெட்டது என்று எப்படித் தெரியும்? அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மெஷின் காட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் வாசித்தேன். முதல் நாள் வைஃபையை நிறுத்தினோம், இருபத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது. இரண்டாம் நாள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற முறையை மாற்றி முழுச் சக்தியும் கொடுத்தோம், இருபத்தொன்று. மூன்றாம் நாள் பின்னால் ஒளிந்துகொண்டு ஓடுகிற வேலைகளையெல்லாம் மூடினோம், இருபத்திரண்டு. நான்காம் நாள் பல வயர்களைச் சேர்த்துச் செருகுகிற கட்டையைக் கழற்றிவிட்டு நேராகச் செருகினோம், அதே இருபத்திரண்டு. ஒன்பது நாள் கருணை செபமாலையை விடாமல் சொல்லியும் அதே இருபத்திரண்டு, அதை நான் கொப்பியில் எழுதவில்லை, மரியாதைக்குறைவு.

பிறகு ஹட்டனில் கொம்பியூட்டர் திருத்துகிற கிஷாந்த் தம்பியிடம் கொண்டுபோனேன். நல்ல பொறுமையான பிள்ளை. பஃபர் என்று ஒன்று இருக்கிறதாம், அதைப் பெருப்பித்தால் தடங்கல் குறையுமாம். எனக்கு உடனே விளங்கியது. நம் லயத்துக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் பீப்பாய் நிறைந்திருந்தால் சமையல் நிற்காது அல்லவா, அதேதான். ஆனால் பீப்பாய் பெரிதானால் அனுஷ்கா பொத்தானை அமத்துவதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் கொஞ்சம் நேரம் பிடிக்குமாம், ஆகவே நடுத்தரமான பீப்பாயாக வைத்தான். அதற்குப் பிறகு அவன் கடையில் இரண்டு மணித்தியாலம் பாட்டுப் போட்டுப் பார்த்தோம். ஒரு கர்ர் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தோம், இருபத்திரண்டாவது நிமிடத்தில் கர்ர். வீட்டில் தம்பியைக் கிள்ளிவிட்டுக் கோயிலில் கைகட்டி நிற்கிற பிள்ளையைப் போல இந்த மெஷினுக்கும் இரண்டு முகம்.

எங்கள் கவனிப்பில் குறை என்று மட்டும் நீ நினைத்துவிடாதே. இங்கே மழைக்காலத்தில் உப்பு கரைகிறது, தீப்பெட்டி நமத்துப்போகிறது, அலுமாரிக்குள் இருக்கிற சேட்டிபிக்கட்டில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆகவே நீ அனுப்பிய பொருள் வந்த அன்றைக்கே அதை உப்புப் போத்தலும் தீப்பெட்டியும் இருக்கிற, அடுப்புக்கு மேலே உள்ள பலகையில்தான் வைத்தேன். பைஸர் நானா கடையில் நல்ல தடித்த நீலக் கம்பளி நூல் வாங்கி அதற்கு ஒரு சட்டையும் பின்னினேன். அடியும் பக்கமும் முழுக்க மூடும், எழுத்துப் பலகையும் திரையும் மட்டும் வெளியே தெரியும், குளிர் தொப்பி போட்ட மனிதனின் முகம் மாதிரி. வயர் போகிற இடங்களில் பித்தான் ஓட்டைத் தையல் போட்டிருக்கிறேன். பாட்டு ஓடும்போதும் கழற்றுவதில்லை. கிஷாந்தின் மேசை எண்ணெய்ப் பிசுக்கு என்பதால் அங்கே போனபோது மட்டும் கழற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவன் மெஷினை மோந்து பார்த்து, "ஆன்ட்டி, இதுல கருவாட்டு வாசம் வருது" என்றான். அடுப்புக்கு மேலே கருவாடும் தொங்குகிறது என்று அவனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வரும்போது, "ஆன்ட்டி, இதுக்கு நல்லா காத்து வேணும்" என்றான். சொன்னபடியே வீட்டுக்கு வந்து சன்னலை அகலத் திறந்து வைத்தேன். மூடுபனி அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மெஷின் நடுங்குமே என்று சட்டைக்கு உள்ளே ஒரு ஃபிளனல் துணியும் வைத்துத் தைத்தேன். அன்றைக்குப் பதினாறாவது நிமிடத்திலேயே நின்றது. மறுநாள் மேலே இன்னும் ஒரு சுற்றுக் கம்பளி பின்னினேன். பதினொன்று. கொப்பியைப் பார்த்தால் உனக்கே விளங்கும், நோய் நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போகிறது.

ஆகவே நான் எல்லாவற்றையும் யோசித்து எடுத்த முடிவு, இந்த மெஷின் வெயில் நாட்டுக்காகச் செய்தது, நம் குளிர் இதற்கு ஒத்துவரவில்லை. நீ வாங்கின கடைக்குப் போய் இதோடு வைத்திருக்கிற என் கொப்பியின் பிரதியைக் காட்டி, குளிர்ப் பிரதேசத்துக்கென்று செய்த மெஷின் ஒன்றை மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். தயங்காதே. அவர்கள் முடியாது என்றால் பெரிய மனிதரை வரச் சொல்லி உட்கார்ந்துவிடு.

நாளைக்கு மட்டும் சமாளித்தாக வேண்டும். அதற்கும் வழி செய்துவிட்டேன். பதினோராவது நிமிடத்தில்தானே நிற்கும்? பத்தாவது நிமிடத்தில் நாமே நிறுத்திவிடுவோம். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருவர் எழுந்து மணமக்களை வாழ்த்திப் பேச வேண்டும் என்று ஜீவராணி டீச்சரின் சொந்தத்தில் ஐந்து பெரியவர்களிடம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் ஏழு பக்கம் எழுதியும்விட்டாராம். நான் கொப்பியோடும் செபமாலையோடும் அனுஷ்காவின் மேசைக்குப் பின்னால் உட்காருவேன். நாளைக்கு அந்தப் பாட்டு நிற்காது தம்பி. நின்றால் நான் பாடுவேன்.

பார்சலில் இருப்பது உனக்கு. உன் ஒபிஸில் ஏசி விறைக்கிறது என்று சொன்னாயே, உன் கொம்பியூட்டருக்கும் அதே நீலத்தில், அதே ஃபிளனல் வைத்து, ஒரு சட்டை பின்னியிருக்கிறேன். இன்றைக்கே போட்டுவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமைப் பூசையைத் தவறவிடாதே. தேவமாதாவின் முந்தானை நிழல் உன்மேல் எப்போதும் இருக்கட்டும் என்று மன்றாடும்,

உன் அக்கா
ஐவி சூசைரட்ணம்

பி.கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் பிழை வந்தால் தாளைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, கீழே திருத்தம் எழுதித்தான் பழக்கம்.

மண்டபத்தில் சனம் நெருக்கம், ஒரே புழுக்கம். மெஷின் பத்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை, எட்டாவது நிமிடத்திலேயே கர்ர் என்றது. கிருஷாந்தி ஆடுவதை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். கதவோரம் நின்ற உன் மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். நான் முதல் பெரியவருக்குக் கை காட்ட எழுந்தேன், எழுந்த வேகத்தில் என் முழங்கை பட்டு நெல்லிரசக் கிளாஸ் கவிழ்ந்து நீலச் சட்டை முழுக்க ஊறிவிட்டது. மெஷினுக்குள் இறங்கிவிடப் போகிறதே என்று ஒரே இழுப்பில் சட்டையை உரித்தேன். அனுஷ்கா அடியில் கை வைத்துத் தூக்கினாள், "அம்மா, இட்லிச் சட்டி மாதிரி சுடுது" என்றாள். நான் சட்டையை அலசக் குழாயடிக்குப் போனேன். அங்கே நின்றபடி காது கொடுத்தேன். பாட்டு போகிறது. பிழிந்தேன், போகிறது. உதறினேன், போகிறது. அப்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது, மீதியை விளங்கிக்கொள்ள மனசு வரவில்லை. திரும்பி வந்து கொப்பியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம், ஒரு மணித்தியாலம், மூன்று மணித்தியாலம். ஒரு கர்ர் இல்லை. எங்களோடு வந்திருந்த ஆண்டியப்பன் அண்ணன் இரண்டு காலையும் தூக்கினார். பேசக் காத்திருந்த ஐந்து பெரியவர்களும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை என்னையே முறைத்தார்கள்.

இன்றைக்குக் காலையில் முறைப்படி சோதித்தேன். அடுப்புக்கு மேலே போட்ட சட்டை காய்ந்துவிட்டிருந்தது. போட்டு ஒரு தடவை, பதினொன்று. கழற்றி ஒரு தடவை, பூசைக்குப் போய்த் திரும்பி வரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. கொப்பியில் ஐந்து கட்டம் போட்டேனே, நான் என்ன பின்னிப் போட்டேன் என்பதற்கு ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். உன் மச்சான் எழுந்து வெளியே போய் நெடுநேரம் இருமினார், அது இருமல் இல்லை. அனுஷ்கா மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, கிஷாந்த் அண்ணன் காத்துன்னு சொன்னது சன்னல இல்லம்மா" என்று சொல்லி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த மாதம் கொத்மலையில் அவளுக்கு இன்னொரு கல்யாணம் வந்திருக்கிறது. கொழும்புப் பேச்சை உன் மச்சான் எடுக்கவில்லை, பெட்டியைத் தானே தூக்கி வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே கடைக்குப் போகாதே, யாரிடமும் உட்காராதே. உன் லெப்டொப் தங்கமான லெப்டொப்.

பார்சலைத் திருப்பி வாங்கத்தான் இப்போது பைஸர் நானா கடைக்கு ஓடிப்போனேன். நிப்ராஸ் பயணப் பெட்டியை எடை போட்டுப் பூட்டிக் கயிறும் கட்டிவிட்டான், திறக்க மாட்டேன் என்கிறான். ஆதலால் இந்தப் பின்குறிப்பை முதலில் வாசி. அந்தச் சட்டையைக் கொம்பியூட்டருக்குப் போட்டுவிடாதே. தேத்தண்ணிக் கேத்தலுக்குப் போடு, நாள் முழுக்க ஆறாது. அதற்கு நான் பொறுப்பு, கணக்கு இருக்கிறது.